கல்லான மரமும் கரிந்த காடும்

சென்ற விடுமுறையில் இடுக்கி மாவட்டத்தின் தமிழக எல்லையிலுள்ள மறையூருக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள முனியறைகளைக் கண்ட நண்பர், “இவையும் புதைபடிவங்கள்தாமே?” என்றார். பாலக்காட்டுக்காரனாகிய எனக்கும் அன்று விடை தெரியவில்லை. பின்னர்ப் படித்தறிந்ததை எழுதுகிறேன்.

முனியறை, பெருங்கற்கால மக்கள் எழுப்பிய ஈமச்சின்னம்; அது தொல்லியலைச் சேர்ந்தது. புதைபடிவமோ பழங்கால உயிர்களின் எச்சம். எலும்பும் ஓடும் மட்டுமல்ல, காலடிச் சுவடும் அதில் அடங்கும்.

பாலக்காட்டிலும் மறையூரிலும் பாறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்தால் உருகியோ, உருமாறியோ படிகமானவை. அவற்றில் உயிர்ச்சுவடு எஞ்சுவதேது? வண்டலும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்த பாறையே புதைபடிவத்தின் இருப்பிடம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் புகுந்து உறைய, மரம் கல்லாயிற்று.

மறையூர் மலையிலிருந்து மேற்கே இறங்கிக் குட்டநாட்டுக்குச் சென்றால் வேறொரு காட்சி. அங்குள்ள கரிநிலத்தில், கறுத்த மண்ணுக்கடியில், புதையுண்ட அடிமரங்கள் அகப்படுகின்றன. அவை கல்லாகவில்லை, கறுத்தாலும் மரமே. இங்கே புதைந்தது ஒரு மரமன்று, ஒரு காடு. இதனைப் ‘புதைநிலம்’ எனலாம். மூடிய மண் அரிக்கப்பட்டுப் பழைய நிலம் மீண்டும் தலைகாட்டினால், அது ‘வெளிப்பட்ட புதைநிலம்’.

பெயரில் என்ன இருக்கிறது என்பீர்களா? முனியறையைப் புதைபடிவமென்றால், சில ஆயிரம் ஆண்டுகளைப் பல கோடி ஆண்டுகளோடு குழப்பிவிடுவோம். அதைக் கட்டிய மனிதனையும் மறந்துவிடுவோம். சொல் தவறினால் காலமும் தவறும்!