வாசற்படியைத் தாண்டும் நேரம்

கூடுவாஞ்சேரி ரயிலடியில் இறங்கி நிற்பவருக்கு மருத்துவமனை எட்டாத பொருளன்று. ஊரை ஒட்டிய நந்திவரத்தில் அரசின் சுகாதார நிலையம் இருக்கிறது. தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வடக்கே மின்சார ரயிலேறினால் எழும்பூர் தாய் சேய் மருத்துவமனை. 108 என்ற எண்ணை அழைத்தால் ஊர்தி வருகிறது. தமிழகத்தில் அச்சேவை 2008ஆம் ஆண்டு தொடங்கிற்று. இவ்வளவும் இருக்க, பேறுகாலத்தில் ஒரு தாயை இழந்தோம் என்ற சொல் இன்னும் ஏன் நம் காதில் விழுகிறது?

இக்கேள்விக்கு விடை தேடும்போது, சென்னைத் திருவல்லிக்கேணியின் கடற்கரைப் பக்கம் சற்றுச் சென்று வருவது நல்லது. அங்குள்ள அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையை முதியோர் இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே சொல்வர். அப்பெயருக்குக் காரணம் நம் பாட்டிமார்கள்தாம். வழக்கறிஞரான கணவருடன் 1866இல் சென்னை வந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி, திரைமறைவில் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் தம்மைக் காட்ட இசையாமல் பிரசவ வேதனையில் மடிவதைக் கேட்டறிந்தார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது, அந்த நால்வருள் ஒருவராகச் சேர்ந்து பயின்றார். பின்னர் இலண்டனிலும் பட்டம் பெற்று 1883இல் திரும்பினார். 1885இல் உயர்சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமென்றே அம்மருத்துவமனை தோன்றியது. மருத்துவமனைகள் அதற்கு முன்பும் இந்நகரில் இருந்தன. ஆனால் அவற்றின் கதவு நம் பெண்களுக்குக் கதவாகத் தோன்றவில்லை. தொலைவு என்பது எப்போதும் மைல் கணக்கில் அமைவதில்லை.

இன்றைய நிலை வேறு. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தனர், தமிழகத்தில் 54. பெருமைப்படத்தக்க எண்தான். ஆயினும் அந்த 54 இல்லங்களிலும் ஒரு தொட்டில் தாயின்றி நின்றதல்லவா?

தாய்மார் மரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்ற இருவர் 1994இல் மூன்று தாமதங்களைச் சுட்டிக் காட்டினர். மருத்துவமனைக்குப் போவதென்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேர்வதில் தாமதம். சேர்ந்தபின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பின்னிரண்டையும் அரசு கவனிக்கட்டும், கேட்போம். முதலாவது நம் வீட்டுக் கூடத்தில் நிகழ்வது.

அது எப்படி நிகழ்கிறது என்பதை நாம் அறிவோம். ஏழெட்டு மாதக் கர்ப்பிணி தலைவலி என்கிறாள். கண் மங்குகிறது, முகமும் கையும் வீங்கியிருக்கின்றன. “பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் கோப்பது வழக்கந்தான்” என்கிறார் மாமியார். கணவர் வெளிநாட்டில், மாமனார் அஸர் தொழுது வரட்டும் என்று காத்திருப்பு. அவர் வந்ததும், பெண் டாக்டர் இருப்பாரா என்ற ஐயம். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு காணும் நோய்க்கு இவையே முன்னறிகுறிகள். பேற்றுக்குப் பின் உண்டாகும் பெரும் இரத்தப்போக்கோ இன்னும் கொடியது. இரண்டு மணி நேரத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடக் கூடும். பெண் மருத்துவர் வேண்டுமென்பது நியாயமான விருப்பம். அதை மூன்றாம் மாதமே விசாரித்து வைக்கலாமே! வலி கண்டபின் விசாரிப்பது ஆபத்து.

சோகையையும் சொல்லியாக வேண்டும். மேற்சொன்ன ஆய்வில் தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் இரத்தசோகை உள்ளவர்கள். பிரியாணி மணக்கும் வீட்டிலும் மருமகள் கடைசியில் உண்பவளாயின் அவளும் இக்கணக்கில் சேர்ந்தவளே. பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தகப்பனின் கடமையாகத் திருமறை விதித்திருக்கிறது. தாய்க்கோ சேய்க்கோ தீங்கு வருமென்று அஞ்சும் கர்ப்பிணிக்கு ரமளான் நோன்பிலும் சலுகை உண்டு. மார்க்கம் தந்த சலுகையை வீட்டார் தர மறுப்பது என்ன நியாயம்?

நம் வீட்டுக் கதை இதுவென்றால், ஊரின் விளிம்பில் உள்ளவர்களின் கதை வேறு. நெல்லிக்குப்பம் சாலையிலும் அதன் உட்கிராமங்களிலும் வீட்டுமனைக் கற்கள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. இப்பகுதியில் கட்டட வேலைக்கு வடமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் உண்டு. செங்கல்பட்டு வட்டாரத்தில் செங்கற்சூளைகளையும் ஏரிக்கரைகளையும் சார்ந்து வாழும் இருளர் குடும்பங்களும் உண்டு. வேலை முடிந்தால் இடம் பெயர்வர். கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் பெயர் ஏறும் முன்பே குடிசை காலியாகிவிடும்.

அந்தப் பதிவுதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயுடன் தொடங்கியது. 2006இல் 6,000, 2011இல் 12,000 என உயர்ந்து, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாயாயிற்று. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்துகொள்வது இதற்கு முக்கியம். பதிந்தவருக்குக் கிடைக்கும் எண் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டப்படுகிறது. தலைப்பேற்றுக்குத் தாய் வீடு செல்லும் பெண், நகைப் பெட்டியை மறந்தாலும் தாய் சேய் நல அட்டையை மறத்தலாகாது. தம் வீட்டில் பாத்திரம் கழுவ வரும் பெண்ணும் கட்டட வேலைக்காரரின் மனைவியும் பதிந்துகொண்டார்களா என்று ஒரு வார்த்தை கேட்க எஜமானிக்கு எத்தனை நிமிடம் ஆகும்?

பிரசவம் முடிந்து வீடு திரும்பியதும் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணுவோர் பலர். மருத்துவ உலகம் பேற்றுக்குப் பிந்திய 42 நாட்களையும் தாய்மார் மரணக் கணக்கில் சேர்க்கிறது. நம் வீடுகளிலும் அது நாற்பது நாள் கணக்கே. அந்நாட்களில் தாய் அறையை விட்டு வருவதில்லை. காய்ச்சல் கண்டாலும், உதிரம் மிகுந்தாலும், “நாற்பது கழியட்டும்” என்பர். பச்சிளங்குழந்தையைப் பார்க்க 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வர வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் வெயிலில் நடந்து வந்து கதவைத் தட்டும்போது, “பிள்ளை தூங்குகிறது, இன்னொரு நாள் வாருங்கள்” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் வீடுகளும் இருக்கின்றன.