பலகை மாறியாச்சு, பைல் எங்கே?

உங்க ஊர் இப்போ புது மாவட்டத்துல இருக்கு. கலெக்டர் வந்தாச்சு, பெயர்ப் பலகையும் மாட்டியாச்சு. ஆனா மனுவோட போனா, "அந்த செக்‌ஷன் இன்னும் இங்க வரலைங்க, பழைய ஆபீஸ்லதான் கேக்கணும்" என்கிறார்கள். ஒரு நாள் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. ஏன் இப்படி?

2019 நவம்பரில் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகிய ஐந்து மாவட்டங்களும் ஒரே மாதத்தில் செயல்படத் தொடங்கின. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை வந்தது. தொடக்க விழாவுக்கு ஒரு நாள் போதும். கட்டடத்துக்குப் போதாது. திருப்பத்தூர், ராணிப்பேட்டை கலெக்டர் அலுவலகங்களின் புதுக் கட்டடங்கள் 2022 ஜூனில்தான் திறக்கப்பட்டன. மயிலாடுதுறைக்கு 2024 மார்ச் ஆனது.

கட்டடத்தைவிடச் சிக்கல், ஆட்கள். ஒவ்வொரு துறையும் புது மாவட்டத்துக்குப் பணியிடங்கள் கேட்கணும். நிதித் துறை ஒப்புக்கொண்டு அரசாணை வரணும். அதுவரை பழைய மாவட்ட அதிகாரியே 'கூடுதல் பொறுப்பு' என்று இரண்டு ஊரையும் பார்ப்பார். இன்னொன்று பணிமூப்பு. வருவாய்த் துறையில் கீழ்நிலைப் பணியாளர்களின் மூப்புப் பட்டியல் மாவட்ட அளவிலானது. புது மாவட்டம் போனால் பதவி உயர்வு முந்துமா, பிந்துமா என்ற கணக்கு எல்லோர் மனசிலும் ஓடும். "பையன் பிளஸ் டூ, பரீட்சை முடியட்டும் சார்" என்பவரையும் குறை சொல்ல முடியாது. ஆனா அதுக்காக நீங்க அலையணும் என்பதும் நியாயமில்லை.

பழைய கோப்புகளையும் ஊர் வாரியாகப் பிரித்து, பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்கித்தான் ஒப்படைக்கணும். இதில்தான் மாதக்கணக்கில் இழுக்கும்.

சரி, நீங்க என்ன செய்யலாம்? செங்கோட்டையில் இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். வருமானச் சான்று, பட்டா மாறுதல் எல்லாம் தாலுகா வேலை. மாவட்டம் பிரிந்தாலும் உங்க தாசில்தார் அலுவலகம் அதேதான். இ-சேவையில் விண்ணப்பித்தால் போதும், திருநெல்வேலி வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். வண்டி விஷயமா? தென்காசி ஆர்.டி.ஓ. அலுவலகம் மாவட்டம் பிறக்கும் முன்பே டி.என். 76 என்ற எண்ணோடு இருந்தது. எல்லா அலுவலகமும் மாவட்டத்தோடு சேர்ந்து நகர்வதில்லை.

மாவட்ட அலுவலகத்தில்தான் ஆகவேண்டிய காரியம் என்றால், கிளம்பும் முன் போன் போட்டு, அந்தப் பிரிவு எங்கே இயங்குகிறது என்று கேட்டுக்கோங்க. பிரிவு வரவில்லை என்றால், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் புது கலெக்டரிடமே மனு கொடுங்க. உரிய இடத்துக்கு அனுப்புவது அலுவலகத்தின் வேலை. ரசீதை வாங்காம வராதீங்க, உடனே அதை மொபைலில் படம் எடுத்து வெச்சுக்கோங்க. பதில் வரலைன்னா முதல்வரின் முகவரி எண் 1100-க்குப் பேசுங்க. தகவல் உரிமைச் சட்ட மனு இடம் மாறிப் போனாலும், வாங்கிய அலுவலகம் அதை ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பியாகணும். "இங்க இல்லை" என்று திருப்பித் தர முடியாது.