பராக்கா, யோசனையா?

தில்லியில் வளரும் நம் பிள்ளைகளிடம் "பாடம் முடிச்சியா?" என்று கேட்டால், "டிஸ்ட்ராக்ட் ஆயிட்டேம்மா" என்று பதில் வருகிறது. கைப்பேசி ஒலித்தாலும் அதே சொல். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாலும் அதே சொல். மறுநாள் பரீட்சையை நினைத்துக் கலங்கினாலும் அதே சொல். மனம் நழுவும் விதங்களோ பல. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் நாம் இழப்பது என்ன என்று பார்ப்போம்.

'டிஸ்ட்ராக்ட்' லத்தீன் மூலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிய்த்து வேறு வேறாக இழுத்தல் என்பது அதன் பழம்பொருள். வயலில் ஓடும் டிராக்டரும் அதே 'இழுத்தல்' வேரில் பிறந்ததுதான். ஆனால் ஆங்கிலம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. உடம்பு ஆஜர், மனசு ஆஜரில்லை என்றால் 'ஆப்சென்ட் மைண்டட்'. வேறொரு கவலை முன்கூட்டியே இடம் பிடித்துக்கொண்டால் 'ப்ரீஆக்குபைடு'. எண்ணம் சும்மா அலைந்தால் 'உல் கேதரிங்', அதாவது கம்பளி பொறுக்குதல். செம்மறியாடுகள் உரசிப்போன வேலிகளில் சிக்கிய துணுக்குகளைத் தேடி அங்குமிங்கும் திரிவதிலிருந்து வந்த வழக்கு அது.

தமிழில் 'கவனச்சிதறல்' என்று எழுதுகிறோம். நல்ல சொல்தான். ஆனால் நம் பாட்டிமார் அதைச் சொல்லித் திட்டியதில்லை. கண் வெளியே போனால் "பராக்குப் பார்க்காதே" என்றார்கள். கவலை உள்ளே இழுத்தால் "ஏதோ யோசனையா இருக்கான்" என்றார்கள். செய்ய வேண்டியது தெரிந்தும் பொருட்படுத்தாவிட்டால் அது அசட்டை. ஒன்றில் மூழ்கி மற்றதெல்லாம் மறந்தால் மெய்மறத்தல். இதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை. இவற்றுள் 'பராக்கு' வேடிக்கையான சொல். அரசர் வருகிறார், கவனியுங்கள் என்று கட்டியக்காரன் கூவியதும் "பராக்! பராக்!" என்றுதான்.

வள்ளுவர் இதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். 54ஆம் அதிகாரம் 'பொச்சாவாமை'. பொச்சாப்பு என்றால் கடமையை மறந்து சோர்ந்திருத்தல். அளவு மீறிய கோபத்தைவிட மகிழ்ச்சி மிதப்பில் வரும் மறதி தீயது என்று முதற்குறளிலேயே சொல்லிவிடுகிறார். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும் இது பொருந்தும்!

தில்லிவாசிகளான நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியில் 'த்யான்' என்றால் கவனம்; நமக்குத் தியானம் என்றால் கண்ணை மூடி அமர்வது. அங்கே 'சாவ்தான்' என்றால் உஷார். இங்கே "சாவதானமா வந்தான்" என்றால் அவசரமே இல்லாமல் வந்தான். இரண்டிலும் உள்ள 'அவதானம்' கவனத்தைக் குறிப்பது. இலங்கைத் தமிழர் அந்தப் பொருளிலேயே அதை அன்றாடம் வழங்குகிறார்கள். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் நிகழ்த்திய சதாவதானமும் அதே சொல்தான்: நூறு விஷயங்களில் ஒருசேரக் கவனம் வைத்தல். பழகினால் கவனம் எவ்வளவு தூரம் வளரும் என்பதற்கு அது சான்று.

சொல் மாறினால் மருந்தும் மாறும். பராக்குப் பார்க்கிற பிள்ளைக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. யோசனையில் இருக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து "என்னப்பா கவலை?" என்று கேட்க வேண்டும். மெய்மறந்து படம் வரைகிற பிள்ளையைக் கொஞ்ச நேரம் விட்டுவிடலாம். மூவரையும் ஒரே சொல்லால் அதட்டினால், கவலைப்படுகிற பிள்ளை வாயே திறக்காது.

அடுத்த முறை "டிஸ்ட்ராக்ட் ஆயிட்டேன்" என்று குரல் வந்தால், "பராக்கா, யோசனையா?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் கிடைக்கும். உங்களுக்கு அதன் மனசு தெரியவரும்.