நர்சிங் அசிஸ்டென்ட் சம்பளத்தில் குடித்தனம் நடக்குமா?

காலை ஆறு மணிக்கு ஆவடி ரயில் நிலையத்திலோ அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிறுத்தத்திலோ நின்று பாருங்கள். தோளில் ஒரு பை. அதற்குள் டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், மடித்து வைத்த யூனிபாரம். சமையலை முடித்து, குழந்தையை மாமியாரிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ ஒப்படைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வரும் இந்தப் பெண்களில் பலர் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் நர்சிங் அசிஸ்டென்டுகள். படுக்கை விரிப்பு மாற்றுவது, எழுந்திருக்க முடியாதவரைத் துடைத்துவிடுவது, பெட்பேன் வைப்பது, ஜுரம் பார்த்துக் குறித்து வைப்பது, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குப் போவது... எல்லாம் இவர்கள் கையில். நோயாளிகள் வாய் நிறைய "சிஸ்டர்" என்று கூப்பிடுகிறார்கள். சம்பளக் கவரில்தான் அந்த மரியாதை தெரிவதில்லை!

அம்பத்தூர், ஆவடியில் இருக்கும் சின்ன நர்சிங் ஹோம்கள் முதல், பூந்தமல்லி சாலையில் வேலப்பன்சாவடி, தண்டலம் பக்கம் உள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் வரை இவர்கள் இல்லாமல் வார்டு நடக்காது. ஆனால் வீட்டிலோ, "எவ்வளவுதான் சிக்கனமா இருந்தாலும் இருபதாம் தேதிக்கு மேல கைமாத்துதான்" என்ற பேச்சு. சிக்கனம் வேண்டியதுதான். ஆனால் அது ஒன்றே மருந்தாகிவிடாது. வர வேண்டியது முழுசாக வருகிறதா என்று பார்ப்பதும், சம்பளம் உயர வழி தேடுவதும் அதைவிட முக்கியம்.

மணிக்கு எவ்வளவு?

ஒரு கணக்குப் போடுவோம். மாதச் சம்பளம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 26 நாள், நாளைக்கு 8 மணி நேரம் என்றால் மொத்தம் 208 மணி. மணிக்கு 62 ரூபாய் 50 காசு. பக்கத்து ஆஸ்பத்திரியில் 15,000 தருகிறார்கள், ஆனால் 12 மணி நேர டியூட்டி என்றால்? மொத்தம் 312 மணி. மணிக்கு 48 ரூபாய்தான்! இதைப் பார்க்காமல் பெரிய தொகைக்கு ஆசைப்பட்டு ஓடினால் உழைப்புதான் மலிந்து போகும்.

வழக்கமான நேரத்துக்கு மேல் உழைத்தால் இருமடங்கு ஊதியம் என்பது சட்டம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம் ஊழியர்களுக்கென்று அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. அதில் சேரும் அகவிலைப்படி விலைவாசியை ஒட்டி ஏப்ரல் 1-ந் தேதி மாறும். எனவே ஏப்ரல் பிறந்ததும், "சார், இந்த வருஷம் டி.ஏ. எவ்வளவு கூடியிருக்குங்க?" என்று ஆபீசில் கேளுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்திலும் விசாரிக்கலாம். நம் கூலியைக் கேட்க வெட்கம் எதற்கு?

பிடித்தம் நஷ்டமல்ல

"நாமே ஆஸ்பத்திரியிலதானே வேலை பார்க்கிறோம், நமக்கு எதுக்கு ஈ.எஸ்.ஐ.?" என்று கேட்பவர்கள் உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. நம் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். நிர்வாகத்தின் பங்கு மூணேகால் ரூபாய். 13,000 ரூபாய் சம்பளத்தில் நாம் கொடுப்பது 98 ரூபாய். அவர்கள் கொடுப்பது 423 ரூபாய்.

இதற்குக் கிடைப்பது என்ன? நமக்கும் கணவருக்கும் குழந்தைகளுக்கும், நம்மை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம். பெரிய வைத்தியம் என்றால் டிஸ்பென்சரியிலிருந்து அயனாவரம், கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். உடம்பு முடியாமல் லீவு போட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். பிரசவத்துக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 26 வாரம் முழுச் சம்பளம். இவற்றைப் பெறக் குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதால், வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அட்டை போடச் சொல்லுங்கள்.

பிராவிடண்ட் பண்டில் நம் பங்கு 12 சதவீதம். முழுச் சம்பளத்துக்கும் பிடித்தால் 1,560 ரூபாய். நிர்வாகமும் அதே அளவு போட வேண்டும். அதில் பெரும்பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகிறது. ஆஸ்பத்திரி மாறும்போதெல்லாம் இந்தப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுகிறோம். வேண்டாம் சகோதரிகளே! மொத்தம் 10 வருஷ சர்வீஸ் இருந்தால்தான் வயதான காலத்தில் பென்ஷன். அதே யு.ஏ.என். நம்பரைக் கொடுத்துப் புது இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காண்டிராக்டர் மூலம் வேலை என்றால், பிடித்ததை உண்மையிலேயே கட்டினாரா என்று பாஸ்புக்கில் பார்ப்பது அவசியம்.

கையில் நிற்பது

இரண்டு பிடித்தமும் போக மீதி 11,342 ரூபாய். வாடகை, மளிகை, பள்ளிக்கூடச் செலவு மூன்றையும் இந்த ஒரு சம்பளம் தாங்காது. தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண், தாய் வீட்டோடு சேர்ந்திருப்பதோ உடன் வேலை செய்பவரோடு வீட்டைப் பங்கிட்டுக்கொள்வதோ குறையல்ல.

வாடகை குறைவு என்று உள்ளே தள்ளி வீடு பார்ப்பவர்கள் போக்குவரத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஷேர் ஆட்டோவுக்குப் போக 20, வர 20 என்றால் 26 நாளைக்கு 1,040 ரூபாய்! அரசு சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அந்த பஸ் வரும் சாலையை ஒட்டி, வாடகை 500 ரூபாய் கூடுதலானாலும் லாபம்தான்.

கைக்குழந்தைக்காரர்கள் கவனிக்க: 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் சட்டம் வந்தது. தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் நிர்வாகம் காது கொடுக்கும்.

உடம்பே மூலதனம்

உடம்பு படுத்தால் சம்பளமும் படுத்துவிடும். ரத்தம் பட்ட துணியும் கழிவும் கையாளுபவர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவதும், ஆண்டுக்கொரு முறை உடல் பரிசோதனை செய்வதும் 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ஆஸ்பத்திரியின் பொறுப்பு. ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை, ஒன்றையும் விடாதீர்கள். ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டக் கூடாது. பயந்து மறைப்பதுதான் ஆபத்து.

நோயாளியைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காதீர்கள். முழங்காலை மடக்கி, இன்னொருவர் துணையோடு தூக்குங்கள். நைட் டியூட்டிக்கு டீயும் பஜ்ஜியும் வேண்டாம். முருங்கைக்கீரை அடையோ, கேழ்வரகு ரொட்டியோ, ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையோ கொண்டு போனால் வயிறும் நிறையும், பர்ஸும் இளைக்காது.

ஒரு படி மேலே

2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த மத்திய அரசுக் குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது பதிவு பெற்ற நர்சுக்கு, அசிஸ்டென்டுக்கு அல்ல. ஓராண்டு சர்டிபிகேட் படிப்பை வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாது என்பதுதான் வித்தியாசம். படித்து முடித்த நர்சுகளுக்கும் எல்லாம் தானாக வந்துவிடவில்லை. 2015-ல் தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் ஒன்றுகூடிப் போராடினார்கள். பிறகுதான் தொகை உயர்ந்தது.

பிளஸ் டூ முடித்தவர்கள் 35 வயது வரை ஏ.என்.எம். (2 ஆண்டு), ஜி.என்.எம். (3 ஆண்டு) சேரலாம். குழந்தை பிறந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். பணம் கட்டுமுன், அந்தப் பள்ளிக்குத் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று மட்டும் கட்டாயம் விசாரியுங்கள். படிக்கும் இரண்டு மூன்று வருஷம் வீட்டில் நெருக்கடிதான். அந்தக் காலத்தில் கணவரும் மாமியாரும், "நீ படிம்மா, வீட்டை நாங்க பார்த்துக்கறோம்" என்று சொன்னால், அந்தக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய சேமிப்பு வேறில்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். செலவை அளக்கும் நாம், நம் உழைப்பையும் அளந்து பார்க்கலாமே! அடுத்த சம்பள நாளில் ரசீதைக் கேட்டு வாங்கி, ஒரு நோட்டில் ஒட்டி, மணிக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். நல்ல குடித்தனத்தின் முதல் வரி அதுதான்.