வாலில் பிறக்கும் விண்மீன்கள்

வெம்பக்கோட்டைப் பக்கம் ராக்கெட் விட்டால், புகையைக் காற்று தள்ளிக்கொண்டு போகும். குச்சி கிட்டத்தட்ட நேராகக் கீழே விழும். ஏபெல் 85 என்ற கேலக்ஸிக் கொத்துக்குள் பாயும் ஜேஓ201 கேலக்ஸிக்கும் இதுதான் நேர்கிறது. கொத்தில் பரவியிருக்கும் பல கோடி டிகிரி சூடான மெல்லிய வாயு எதிர்க்காற்றாக மோதி, கேலக்ஸியின் வாயுவை உரித்து நீண்ட வாலாக்குகிறது. விண்மீன்கள் அடர்ந்து இறுகிய உருண்டைகள்; அந்தக் காற்று அவற்றை அசைப்பதில்லை. அப்படியானால் வாலில் தெரியும் விண்மீன்கள் எப்படி வந்தன?

2015 செப்டம்பர் 28-இல் இஸ்ரோ ஏவிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கி, அந்த வாலில் ஒளிரும் முடிச்சுகளைக் காட்டியது. மத்தாப்பில் நிறம் தருவது உப்பு: ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை. விண்மீனிலோ நிறம் பெரும்பாலும் வெப்பத்தின் கணக்கு. புறஊதாவில் பளிச்சிடும் பெரிய, சூடான விண்மீன்கள் சீக்கிரம் எரிந்து தீர்பவை, ஆகவே இளசுகள். காற்றால் தள்ள முடியாத இவை வாலில் இருக்கின்றன என்றால், உரிந்த வாயு குளிர்ந்து இறுகி, அங்கேயே பிறந்தவைதான். பக்கத்துக் கேலக்ஸி ஈர்த்து இழுத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஈர்ப்புக்கு வாயு, விண்மீன் என்ற பேதம் கிடையாது. இழுத்திருந்தால் கிழ விண்மீன்களும் கலைந்திருக்கும். அவையோ கேலக்ஸியின் வட்டில் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஈர்ப்புப் பிடி தளர்ந்த வெளிவிளிம்புதான் முதலில் வாயுவை இழக்கிறது. புதுப் பிறப்பும் அங்கேதான் முதலில் நிற்கிறது.