தஞ்சோங் ரம்புத்தானுக்கு இப்பால்: கிந்தாப் பள்ளத்தாக்கில் மனநல மீட்சி

பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கு வழியே செல்லும் இருப்புப்பாதையில் ஈப்போவுக்குத் தெற்கே பத்து காஜாவும் வடக்கே தஞ்சோங் ரம்புத்தானும் அமைந்துள்ளன. தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டு மலாய்க் கூட்டு மாநிலங்களுக்கான மனநோயர் காப்பகமாகத் திறக்கப்பட்டு, 1971இல் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர் மாற்றம் பெற்ற நிறுவனம் இன்றும் இயங்கிவருகிறது. மருத்துவமனைக்குப் புதுப்பெயர் வந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும், மலேசியத் தமிழரிடையே மட்டுமன்றி மலாய்க்காரர், சீனர் பேச்சிலும் அந்த ஊரின் பெயர் பைத்தியத்தைச் சுட்டும் கேலிச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. இக்கேலி வெறும் நாக்குறும்பு என்று தள்ளத்தக்கதன்று; தூக்கம் கெட்டும் பேச்சுக் குறைந்தும் ஒருவர் மெல்ல மெல்ல ஒடுங்கும்போது, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாமா என்று தயங்கும் குடும்பத்தைப் பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள், வாசலிலேயே நிறுத்தி வைப்பது அந்தப் பெயர்தான். ஆனால் சிகிச்சையின் பெரும்பகுதி அந்த மருத்துவமனை வளாகத்தைவிட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டது என்பதும், மீட்சி என்பது பெரும்பாலும் பத்து காஜா போன்ற ஊர்களின் வீடுகளிலும் வேலையிடங்களிலுமே நிகழ்கிறது என்பதும் இன்னும் போதிய அளவில் அறியப்படவில்லை.

காப்பகம் தோன்றிய காலச் சூழலை நோக்கினால் அச்சத்தின் வேர் புலப்படும். ஈயச் சுரங்கங்களுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் சீனாவிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் தனியாட்களாகக் கொண்டுவரப்பட்டவர்களில் எவரேனும் மனநோயுற்றால், பார்த்துக்கொள்ளக் குடும்பம் அருகில் இல்லாத நிலையில், அவரைப் பூட்டிக் காப்பதையே அன்றைய நிர்வாகம் தீர்வாகக் கொண்டது. மருந்துகள் இல்லாத அக்காலத்தில் உள்ளே போனவர் திரும்பி வருவது அரிதாகவே இருந்தது. 1950களில் மனநோய்க்கான முதல் மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்தபின் நிலைமை மாறியது. 1958இல் பினாங்குப் பொது மருத்துவமனையில் மனநலப் பிரிவு தொடங்கப்பட்டதை அடுத்துப் பொது மருத்துவமனைகள் இச்சிகிச்சையைப் படிப்படியாக ஏற்றன. பின்னர், கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசு நலவாழ்வு மருந்தகங்களும் அந்த வரிசையில் சேர்ந்தன. இன்று மனச்சோர்வு கொண்ட ஒரு குடிமகன் முதலில் செல்லவேண்டிய இடம், ஒரு ரிங்கிட் கட்டணத்தில் காய்ச்சலுக்கும் நீரிழிவுக்கும் மருந்து வாங்கும் அதே மருந்தகம்தான்.

மனச்சோர்வு என்பது அன்றாடக் கவலையிலிருந்து வேறானது. பெரும்பாலான நேரம் மனம் கனத்துக் கிடப்பதோ, முன்பு பிடித்திருந்தவற்றில் ஈடுபாடு அற்றுப்போவதோ, குறைந்தது இரண்டு வாரம் நீடித்து, அத்துடன் தூக்கம், பசி, கவனம், உடல்வலு ஆகியவையும் குலையும்போதே மருத்துவர் அதை நோயாகக் கணிக்கிறார். இதை அறிய உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விகள் கொண்ட வினாநிரல் ஒன்று, கடந்த இரண்டு வாரத்தின் நிலையை மட்டுமே கேட்கிறது. நோய் உண்டென்று அதுவே தீர்ப்புச் சொல்வதில்லை, மேற்கொண்டு பேசவேண்டியவரை அடையாளம் காட்டுகிறது. மலேசியாவின் தேசிய நலவாழ்வு ஆய்வில் 2019ஆம் ஆண்டு 2.3 விழுக்காடாக இருந்த பெரியோரின் மனச்சோர்வு, 2023இல் 4.6 விழுக்காடாக, அதாவது ஏறத்தாழ பத்து இலட்சம் பேராக உயர்ந்தது. இடையில் கொவிட் ஆண்டுகள் கடந்திருப்பதையும், முன்பு மறைத்தவர்கள் இப்போது வாய்திறப்பதும் இவ்வுயர்வின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

பத்து காஜாவைச் சுற்றிய தமிழரின் நிலைக்கு மேலும் ஒரு சரித்திரம் உண்டு. கெல்லி மாளிகையைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித்தின் தோட்டம் உட்பட இவ்வட்டாரத் தோட்டங்களில் பல தலைமுறைகள் பால்மரம் வெட்டிய குடும்பங்கள், கடந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது இடம்பெயர நேர்ந்தது. லயத்து வாழ்க்கையைப் பொற்காலமாகச் சித்திரிப்பது பிழை. கள்ளுக்கடையும் சம்சு எனும் மலிவுச் சாராயமும் குலைத்த குடும்பங்கள் அங்கு ஏராளம், கங்காணி முன்னும் கிராணி முன்னும் குனிந்து நின்ற அவமானமும் அங்கு உண்டு. ஆயினும் ஒருவர் காலையில் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு வராவிட்டால் பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும் நெருக்கம் அவ்வாழ்க்கையில் இருந்தது. மலிவுவிலை அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்து, தொழிற்பேட்டையில் இரவுபகல் மாறிமாறி வரும் ஷிப்டு வேலை செய்யும் ஒருவர் வாரக்கணக்கில் எவருடனும் பேசாமல் இருந்தாலும் அண்டை வீட்டார் அறிய வழியில்லை. முறைமாறும் வேலையால் தூக்கம் குலைவது மனச்சோர்வைத் தூண்டவல்லது என்பதையும், தூக்கமின்மையைப் போக்கக் குடிப்பவருக்கு அக்குடியே தூக்கத்தை மேலும் கெடுத்து மனநிலையைத் தாழ்த்தும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த இடப்பெயர்வின் விலையை வருமானக் கணக்கால் மட்டும் அளக்க முடியாது என்பது விளங்கும்.

மீட்சியில் குடும்பத்தின் பங்கைப் பற்றிய வலுவான சான்றுகளுள் ஒன்று தமிழகத்திலிருந்தே கிடைக்கிறது. 1980களின் தொடக்கத்தில், மனச்சிதைவு நோய்க்கு முதன்முறையாகச் சிகிச்சைக்கு வந்த 90 பேரைச் சென்னையில் பதிவுசெய்து, மருத்துவர் ஆர். தாராவும் உடனுழைத்தோரும் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தனர். மனச்சிதைவு என்பது, இல்லாத குரல்கள் கேட்பதும், ஆதாரமற்ற ஐயங்கள் உறுதியான நம்பிக்கைகளாக இறுகுவதும், சிந்தனைத் தொடர்பு அறுவதுமாக வெளிப்படும் கடுமையான நோய். பத்தாண்டு முடிவில் அவர்களுள் பெரும்பாலோர் குறிப்பிடத்தக்க அளவு நலம் பெற்றிருந்தனர். ஏறத்தாழ எல்லோருமே குடும்பத்துடன் வாழ்ந்தவர்கள். குடும்பம் என்றாலே மருந்து என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். அதே சென்னையில், இந்நோயுற்றதால் கணவனால் கைவிடப்பட்டுப் பிறந்தவீடு திரும்பிய பெண்களின் அவல நிலையையும் தாராவின் குழுவே பதிவுசெய்தது.

குடும்பம் எவ்வாறு துணையாகிறது, எவ்வாறு சுமையாகிறது என்பதை இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் முதலியோர் தொடங்கிய ஆய்வுகள் தெளிவாக்கின. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரை ஓயாமல் குறைகூறுவது, பகைமை காட்டுவது, அல்லது அளவுக்கு மீறிக் கவலைப்பட்டு ஒவ்வோர் அசைவையும் கண்காணிப்பது ஆகியவற்றை அவர்கள் உணர்ச்சி வெளிப்பாடு என்ற அளவுகோலாக வகுத்தனர். அது மிகுந்த வீடுகளில் நோய் திரும்பும் வாய்ப்பும் மிகுந்திருந்தது. இலண்டனைவிட சண்டிகரில் அத்தகைய வீடுகள் கணிசமாகக் குறைவு என்று 1987இல் வெளியான ஆய்வு காட்டியது. “சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை” என்று அப்பா சொல்வதும், “மாத்திரை போட்டியா, போட்டியா” என்று அம்மா நாளைக்குப் பத்துமுறை கேட்பதும் ஒரே அளவுகோலின் இரு பக்கங்கள் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். இவற்றைத் தவிர்ப்பதற்கான பயிற்சி எளிமையானது: நோயின் அறிகுறிகளைக் குணக்கேடாகக் கருதாமல் பிரித்தறிவது, ஒரு நேரத்தில் ஒரே செய்தியைத் தணிந்த குரலில் சொல்வது, நோயுற்றவருக்கும் வீட்டாருக்கும் தனித்தனி ஓய்வுநேரம் ஒதுக்குவது. குறைகூறுதலைக் குறைக்கும் இத்தகைய குடும்பப் பயிற்சி மருந்துடன் சேரும்போது நோய் திரும்புவது குறைகிறது.

மருந்தை நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு மிகப் பொதுவான காரணம். உடல் பருத்தல், கைந்நடுக்கம், பகல் உறக்கம் போன்ற பக்கவிளைவுகளைச் சகிக்க முடியாமலும், நலமாகிவிட்டதாகக் கருதியும், மருந்தகத்துக்குச் செல்ல வண்டியில்லாமலும் பலர் நிறுத்துகின்றனர். முதலிரண்டையும் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு. மூன்றாவதற்கு, பெரிய மருத்துவமனையில் எழுதித்தரப்பட்ட தொடர்மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள அரசு மருந்தகத்திலேயே பெற்றுக்கொள்ளும் ஸ்பப் என்ற ஏற்பாடு உள்ளது. மருந்துக்கூடத்தில் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். பூசாரியிடமோ, போமோ எனும் மலாய் மந்திர வைத்தியரிடமோ செல்வதை வைத்துச் சண்டையிடுவதில் பயனில்லை. திருநீறும் மாத்திரையும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து மட்டும் விலகினால் போதும்.

அறிகுறிகள் அடங்கிவிட்டால் மீட்சி முடிந்துவிட்டது என்ற எண்ணத்தை இன்றைய மனநலத்துறை ஏற்பதில்லை. சம்பளம், நட்பு, பொறுப்பு ஆகியவை திரும்பும்வரை நலம் முழுமையாவதில்லை என்பதால், மலேசிய நலவாழ்வு அமைச்சு மெந்தாரி என்ற சமூக மனநல மையங்களை நிறுவியுள்ளது. இவற்றில், குணமாகட்டும் பிறகு வேலை பார்க்கலாம் என்று காத்திருக்கும் பழைய முறைக்கு மாறாக, விரும்பும் நோயாளிக்கு முதலிலேயே வெளிச்சந்தையில் வேலை தேடித்தந்து, சேர்ந்த பின்னும் முதலாளியோடும் பணியாளரோடும் தொடர்பில் இருக்கும் முறை பின்பற்றப்படுகிறது. நீண்டகால நோயுற்றோர், சமூகநல இலாகாவின் உடற்பேறு குறைந்தோர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மனநோயும் அதன் பிரிவுகளுள் ஒன்று. இவ்வட்டையை ஊரார் பார்வைக்கு அஞ்சி வாங்காமல் விடுவது தமிழ்க் குடும்பங்களில் காணப்படும் வீண் நட்டம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் முயற்சி பற்றிய சட்டமும் மாறியிருக்கிறது. அத்தகைய முயற்சிக்கு ஓராண்டுவரை சிறையோ அபராதமோ விதித்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. அதனுடன் திருத்தப்பட்ட மனநலச் சட்டம், நெருக்கடியில் உள்ளவரைப் பாதுகாத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் அதிகாரத்தைக் காவல் துறையினருக்கு மட்டுமன்றித் தீயணைப்பு முதலிய பிற துறையினருக்கும் விரிவாக்கியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றி ஒருவரிடம் நேராகக் கேட்டால் அது தூண்டிவிடும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதரவில்லை. கேட்பது பெரும்பாலும் ஆறுதலையே தருகிறது. முன்பெல்லாம் வழக்குக்கு அஞ்சி விபத்து என்று மருத்துவரிடம் பொய்சொல்ல நேர்ந்த குடும்பம், இன்று நடந்ததை உள்ளபடி சொல்லி முதல் நாளிலேயே மனநலச் சிகிச்சையைக் கோரலாம். நலவாழ்வு அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555. உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 999.