பின்வரிசையிலிருந்து ஒரு குரல்

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி நடக்கும் அரங்கில் பின்வரிசையைக் கவனித்துப் பாருங்கள். மூன்று டிராம்போன் கலைஞர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். முதல் மூன்று பகுதிகளில் அவர்களுக்கு ஒரு சுரம்கூடக் கிடையாது. இருபது நிமிடம் போல் காத்திருந்து, கடைசிப் பகுதி முழங்கும்போதுதான் வாத்தியம் வாய்க்குப் போகும்.

மேலை இசையில் டிராம்போன் நெடுங்காலம் இப்படித்தான் காத்திருந்தது. ஒரு கலைஞர் முன்னால் நின்று வாசிக்க, முழு இசைக்குழுவும் அவரோடு கூடியும் மோதியும் ஒலிப்பது கான்செர்ட்டோ. வயலினுக்கும் பியானோவுக்கும் அவை குவிந்து கிடக்கின்றன. டிராம்போனுக்கோ 1837-இல் ஃபெர்டினாண்ட் டாவிட் எழுதியது, 1877-இல் ரிம்ஸ்கி-கோர்சகோவ் ராணுவ பேண்டுக்காக எழுதியது எனச் சிலவற்றைத்தான் அந்த நூற்றாண்டு விட்டுச் சென்றது.

இந்த வாத்தியத்தை முன்னுக்கு அழைத்தவர்களில் ஒருவர் ஆர்மீனிய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் அருட்யூனியன். 1920-இல் எரவானில் பிறந்தவர். டிரம்பெட் கான்செர்ட்டோதான் அவரை உலகறியச் செய்தது. வர்தசரியன் என்ற கலைஞரை மனத்தில் வைத்து அதைத் தொடங்கினார். அந்தக் கலைஞர் இரண்டாம் உலகப்போரில் இறந்துபோனார். யாருக்காக எண்ணினாரோ அவர் இல்லாமலேயே 1950-இல் அது நிறைவேறியது. பிறகு திமோஃபெய் தோக்ஷிட்செர் வாசித்துப் பரப்ப, இன்று டிரம்பெட் கலைஞர்கள் கற்றே தீர வேண்டிய படைப்பாகிவிட்டது.

1991-இல், எழுபது வயதுக்கு மேல், அருட்யூனியன் டிராம்போன் கான்செர்ட்டோவைத் தந்தார். ஆர்மீனியா தனிநாடானதும் அதே ஆண்டுதான்.

டிரம்பெட்டுக்கு மூன்று வால்வுகள் உண்டு. அழுத்தினால் சுரம் மாறும். சாதாரண டிராம்போனில் அப்படி எதுவும் இல்லை. நீட்டி மடக்கும் ஒரு குழாய், அதில் ஏழு நிலைகள். அவற்றைக் காட்டும் கோடோ புள்ளியோ கிடையாது. காதும் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஊதிக்கொண்டே குழாயை நகர்த்தினால் ஒலி வழுக்கிச் செல்லும். ஆனால் மெல்லிசை வாசிக்கும்போது அந்த வழுக்கல் தலைகாட்டக் கூடாது. கை மின்னலாய் நகர, நாக்கு பூப்போல் தொட்டுச் சுரங்களைப் பிரிக்க வேண்டும். இது கைகூடிவிட்டால் பித்தளைக் குழாயிலிருந்து ஆண்குரல் ஒன்று பாடுவதைக் கேட்கலாம்.

பாட்டு, அருட்யூனியனின் இசைக்கு உயிர்நாடி. ஊர் ஊராகப் பாடித் திரிந்த ஆர்மீனியப் பாடகர்களை ‘அஷுக்’ என்பார்கள். அவர்களுள் தலைசிறந்த சயாத்-நோவாவைப் பற்றி அவர் ஓர் ஓபராவே எழுதியிருக்கிறார். அந்த மரபில் ஊறியவர், மனிதக் குரலுக்கு இவ்வளவு நெருக்கமான வாத்தியத்தைத் தேடிப் போனதில் வியப்பில்லை.

இன்னொரு ஆர்மீனிய வழித்தோன்றலையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிறந்த ஆலன் ஹோவனெஸ் 1959-60-இல் சென்னையில் தங்கிக் கர்நாடக இசை பயின்றவர். 1977-இல் எழுதிய 34-ஆவது சிம்பொனியில், தந்தி வாத்தியங்களுக்கு முன்னே பாஸ் டிராம்போனை நிறுத்தினார்.

அருட்யூனியன் டிராம்போனோடு நிற்கவில்லை. அந்தக் கான்செர்ட்டோ வந்த அடுத்த ஆண்டே, டிராம்போனைவிடப் பெரிய, பின்வரிசையைவிட்டு நகராத டியூபாவுக்கும் ஒரு கான்செர்ட்டோ எழுதிக் கொடுத்தார்.